மூன்றாம் மண்டலத்தில் புகை

சென்னை
2.4.2025

அண்ணா,

நீ ஃபோனை எடுக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டால் "அவன் கழனிக்குப் பூட்டான்" என்கிறாள், பின்னால் நீ இருமுவது கேட்கிறது. அதனால்தான் கடிதம். ஃபோனைப் போல இதைப் பாதியில் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம், ஆனால் எழுத்தைக் கிழிக்கிற ஆள் இல்லை நீ.

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். பிப்ரவரியில் சென்னை விழாவில் நம் ஜமா ஆடிய துகில் கூத்திலிருந்து யாரோ ஒரு துண்டை எடுத்து வாட்ஸப்பில் சுற்றவிட்டிருக்கிறார்கள். அதில் நீ துச்சாதனனாக நேரே வந்து முனியன் மாமாவின் சேலையில் கை வைக்கிறாய். கற்பூரம் இல்லை, மன்னிப்பும் இல்லை. நம் பக்கத்தில் துச்சாதனன் தன் கையால் கற்பூரம் ஏற்றி, திரௌபதி வேஷக்காரர் காலடியில் தட்டை வைத்து, "தாயே, இது வேஷம், பொறுத்துக்கோ" என்று சொல்லாமல் கூத்து ஒரு அடி நகராது. வேஷம் கட்டியவர் முனியன் மாமா என்றாலும் அந்த நேரத்தில் அவர் அம்மன். இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு இந்த வைகாசிப் பாரதத்தில் உனக்கு துச்சாதனன் வேஷம் கிடையாது என்று கோயிலில் பேசினார்களாம். தர்மகர்த்தா சுப்பிரமணி மாமா வீட்டு பம்புசெட் எரிந்ததற்கும் நீதான் காரணமாம். அம்மா சொல்லி அழுதாள்.

இப்போது கேள். வீடியோவில் கற்பூரம் இல்லாததற்குக் காரணம் நீ இல்லை, நான்.

என் கம்பெனி என்ன செய்கிறது என்று நீ ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. நாடகக் குழு, சபா, கூத்து ஜமா என்று கலை நடத்துகிறவர்களுக்கு டிக்கெட், வீடியோ, மைக், விளக்கு எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுக்கிறோம். அந்த விழாவுக்கும் நாங்கள்தான் செய்தோம். வீடியோவைச் சுருக்க ஒரு வசதி இருக்கிறது. பேச்சும் பாட்டும் இல்லாத இடத்தை அதுவே பார்த்து வெட்டிவிடும். ஆன் பண்ணியது நான்தான். கற்பூரம் ஏற்றுகிற நேரம் முகவீணைகூட நிற்கும் இல்லையா? மெஷினுக்கு அது வெறும் அமைதி, தூக்கிப் போட்டுவிட்டது. ஏனாத்தூர் காலேஜில் படித்தபோது கம்ப்யூட்டர் லேபை விட நாடக ஒத்திகையில் அதிகம் கிடந்தவள் நான். எனக்கு இது தோன்றாமல் போனதே என்று செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அதே விழாவில்தான் புகை எச்சரிக்கை வந்தபோது சமயோசிதமாக நடந்துகொண்டேன் என்று பாராட்டி எனக்கு மெயில் வந்தது. உனக்குக்கூட அனுப்பினேனே. ஒரு கையால் வாங்கிய பேரை இன்னொரு கையால் கெடுத்துக்கொண்டேன்.

சுப்பிரமணி மாமாவுக்கு நேற்றே ஃபோன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெட்டாத முழு வீடியோவைக் கொண்டுவந்து கோயில் வாசலில் போட்டுக் காட்டுகிறேன் என்றும் சொன்னேன். "அப்புடியா சமாச்சாரம்? மெஷின் பண்ண வேலையா?" என்று சிரித்தார். வேஷம் உனக்குத்தான். இனியாவது ஃபோனை எடு.

அம்முலு

*

உத்திரமேரூர்
9.4.2025

அம்முலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் சௌக்கியம்.

யாரைக் கேட்டு சுப்பிரமணி மாமாவுக்கு ஃபோன் பண்ணினாய்? நான் கேட்டேனா? ஜமா கேட்டதா? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரையும் கூப்பிட்டு நீ சொன்னதைச் சொன்னார். மெஷின் வெட்டியதாம், சின்னப் பெண் தெரியாமல் பட்டனை அமுக்கியதாம். எல்லோரும் தலையாட்டினார்கள். ஜமா வாத்தியார் ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். முனியன் மாமா தூணோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேஷம் எனக்கு என்று வெற்றிலை பாக்குக் கொடுத்தார்கள். வாங்கினேன். வாங்காமல் என்ன செய்வது?

முழு வீடியோ வேண்டாம். கொண்டுவராதே. விஷயம் முடிந்தது, இனிமேல் அதைக் கிளறாதே. நீ இப்போதைக்கு ஊருக்கும் வராதே.

அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. நெல்லை இன்னும் மண்டிக்குப் போடவில்லை, விலை இறங்கியிருக்கிறது.

தினகரன்

*

சென்னை
14.4.2025

அண்ணா,

புத்தாண்டும் அதுவுமாக ஊருக்கு வராதே என்று சொன்ன ஒரே அண்ணன் நீயாகத்தான் இருப்பாய். ஹாஸ்டலில் நாஷ்டாவுக்கு எல்லோருக்கும் இரண்டு வடை வைத்தார்கள். என்னுடையதைப் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளிவிட்டேன்.

நன்றி சொல்லுவாய் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் வேஷம் திரும்பக் கிடைத்தும் உனக்கு ஏன் இந்தக் கோபம்? உனக்கு என் வேலையே பிடிக்கவில்லை, அதுதான் விஷயம். நான் சேரும்போது என்ன சொன்னாய்? "கூத்து பாக்கறவ கூத்து பாக்கணும், அதுக்கு சம்பளம் வாங்கிக்கினு வேவு பாக்கக்கூடாது." பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னாய். பக்கத்தில் பூ விற்கிற அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். பஸ் காஞ்சிபுரம் தாண்டுகிற வரைக்கும் அது குத்திக்கொண்டே இருந்தது.

சின்ன வயதிலிருந்து உன் கூத்து ஒன்றையாவது தவறவிட்டிருக்கிறேனா? பாயைப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிற பிள்ளை எல்லாம் சுருண்டு தூங்கினாலும் நான் தூங்கினதில்லை. நீ கிரீடம் வைத்துக்கொண்டு பந்தலுக்குள் குதிக்கும்போது பயந்து அம்மா மடியில் ஒளிந்துவிட்டு, ஒரு கண்ணால் பார்ப்பேன். அந்த ஆசையால்தான் இந்த வேலைக்கு வந்தேன். வேறு கம்பெனியில் இதைவிட அதிகம் கொடுத்தார்கள், தெரியுமா உனக்கு?

நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். முழு வீடியோவைக் காட்டாவிட்டால் நாளைக்கே எவனாவது "பொய்யி சொல்லிக்கினு கீறா" என்பான். மூல வீடியோ விழா நடத்தியவர்களின் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. கேட்டிருக்கிறேன். தருவார்கள்.

அம்முலு

*

உத்திரமேரூர்
21.4.2025

அம்முலு,

டிஸ்கைக் கேட்காதே என்று இன்னொரு தடவை சொல்கிறேன். அண்ணன் சொல்கிறேன் என்று கேள். இல்லை, அப்பா இல்லாத வீட்டில் பெரியவன் சொல்கிறேன் என்று கேள்.

கூத்து ஒன்றையும் தவறவிட்டதில்லை என்று எழுதியிருக்கிறாய். சரி. சென்னையில் ஆடி முடித்து வெளியே வந்தபோது ஓடி வந்தாய். பார்த்தாயா என்று கேட்டேன். "பாத்தேண்ணா, சூப்பரு" என்றாய். நானும் சரி என்று கேட்டுக்கொண்டேன்.

ஒன்றே ஒன்று சொல். அன்றைக்கு நான் மேடைக்கு வரும்போது தோளில் கட்டுகிற புஜக்கட்டை ஒரு பக்கம் இல்லை. கயிறு அறுந்து தொங்கியது. முன்வரிசையில் இருந்தவன் எல்லாம் பார்த்தான். அது இடது தோளா, வலது தோளா?

அதற்கு மட்டும் பதில் எழுது.

தினகரன்

*

சென்னை
29.4.2025

அண்ணா,

வலது தோள்.

இதை எழுத எனக்கு ஆறு நாள் ஆயிற்று. உன் கடிதம் வந்த அன்று எனக்குப் பதில் தெரியாது. வாட்ஸப் துண்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அதில் தோள் சரியாகத் தெரியவில்லை. அன்றைக்கு நான் கூத்துப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னது பொய். வாசலில் டிக்கெட்டை ஸ்கேன் பண்ணுகிற ஆப் நின்றுபோய் வெளியே கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. கண்ணாடி அறையில் உட்கார்ந்து நான் அதைச் சரிபண்ணிக்கொண்டிருந்தேன். மேடை எனக்கு நேர் எதிரே இருந்தது. தலையை நிமிர்த்தினால் நீ தெரிந்திருப்பாய். நிமிர்த்தவில்லை.

டிஸ்க் போன வாரம் வந்தது. ஆபீசில் எல்லோரும் போனபிறகு போட்டுப் பார்த்தேன். இரண்டு கேமரா. ஒன்று மேடையை நேரே பார்த்தது, இன்னொன்று பக்கத் திரைக்கு உள்ளே. அந்த இரண்டாவதை இதுவரை யாருமே திறக்கவில்லை.

அதில் நீ திரைக்குப் பின்னால் தட்டோடு நிற்கிறாய். முனியன் மாமா மேடையில் பாடிக்கொண்டிருக்கிறார். நீ தீக்குச்சியைக் கிழித்துக் கற்பூரத்தைப் பற்றவைக்கிறாய். அடுத்த நொடி, பக்கத்தில் நிற்கிற ஹால் ஆளின் வாக்கி டாக்கியில் ஒரு பெண் குரல் வருகிறது. "மண்டலம் மூணுல புகை. எதுவா இருந்தாலும் உடனே அணைச்சிடுங்க."

அது என் குரல், அண்ணா.

என் திரையில் சிவப்புப் புள்ளி ஒன்று மின்னியது. மண்டலம் மூன்று என்றால் மேடைக்குப் பின்னால் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். டீ போடுகிற இடம் என்று நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த பத்தாவது நாள் அது. ஒரு கையில் ஃபோன், ஒரு கையில் வாக்கி. சொல்லிவிட்டு மறுபடி டிக்கெட்டில் குனிந்துகொண்டேன்.

அந்த ஆள் உன் கையிலிருந்து தட்டைப் பிடுங்குகிறான். நீ விடவில்லை. அவன் இழுத்த இழுப்பில்தான் வலது புஜக்கட்டை அறுகிறது. ஈரத்துணியைப் போட்டு அணைக்கிறான். தீப்பெட்டியையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான். நீ அவனைப் பார்க்கவில்லை. அவன் கையில் இருக்கிற வாக்கியைப் பார்க்கிறாய். பிறகு நிமிர்ந்து, எதிரே மேலே, என் கண்ணாடி அறையைப் பார்க்கிறாய். முகத்தில் அத்தனை சாயம் இருந்தும் எனக்கு உன் முகம் தெரிந்தது. பிறகு வெறுங்கையோடு மேடைக்குப் போகிறாய்.

மெஷின் எதையும் வெட்டவில்லை. வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

பாராட்டு மெயிலை உனக்கு அனுப்பினேன். நீ அதற்குக் கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் போட்டாய். எதற்காகப் பாராட்டினார்கள் என்று தெரிந்துதானே போட்டாய்? திட்டியிருக்கலாமே. ஏன் எதுவும் சொல்லவில்லை? ஏன் மேடையை விட்டு இறங்கவில்லை?

அம்முலு

*

உத்திரமேரூர்
6.5.2025

அம்முலு,

பார்க்காதே என்று சொன்னேன். நீ எந்தக் காலத்தில் சொன்ன பேச்சைக் கேட்டாய்?

ஏன் இறங்கவில்லை என்று கேட்டாய். இறங்கத்தான் காலை எடுத்தேன். கற்பூரம் இல்லாமல் ஆடமாட்டோம் என்று சொல்லிவிட்டு ஜமாவைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். வேறு யார் குரலாக இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். இறங்கினால் கூத்தை நிறுத்தியது யார் என்று பெரிய மனிதர்கள் எல்லாம் கேட்பார்கள். நீ சேர்ந்து பத்து நாள். பொட்டியில் உன் குரல் கேட்டதும் என் கால் நின்றுவிட்டது. அவ்வளவுதான். யோசித்து எல்லாம் செய்யவில்லை.

மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் மனசுக்குள் கேட்டதற்கு சாட்சி யார்? முனியன் மாமா என் கையைப் பார்த்தார். தட்டு இல்லை. பாட்டை நிறுத்தாமல் பாடினார். நான் சேலையைத் தொட்டபோது அவர் உடம்பு நடுங்கியது. இத்தனை வருஷம் அவரோடு ஆடுகிறேன், ஒரு நாளும் அவர் நடுங்கியதில்லை. இறங்கினபிறகு ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

இப்போது புரிகிறதா உனக்கு? கற்பூரம் காட்டவில்லை என்று ஜமா முழுக்கத் தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்காமல் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நீ ஃபோன் பண்ணி மெஷின் கதையைச் சொன்னாய். நீ தெரிந்து சொல்லவில்லை, ஆனால் எனக்கு அது பொய். அந்தப் பொய்யால்தான் எனக்கு வெற்றிலை பாக்குக் கிடைத்தது. அந்த வேஷத்தைக் கட்டிக்கொண்டு மறுபடி அந்தச் சேலையை எப்படித் தொடுவேன்? அம்மன் பார்க்கிறாளோ இல்லையோ, முனியன் மாமா பார்க்கிறார்.

ஹால்காரன் நெருப்பு வேண்டாம் என்றான் என்று சொல்லிவிடலாமே என்று நீ கேட்பாய். சொன்னால், அப்படியும் ஏண்டா ஆடினாய் என்று கேட்பார்கள். அதற்கு உன் பேரைச் சொல்லாமல் பதில் இல்லை.

நான் முடிவு பண்ணிவிட்டேன். டிராக்டர் ஏறும்போது தோள் பிசகிவிட்டது என்று சொல்லப் போகிறேன். துச்சாதனனை வாத்தியாரின் தம்பி கட்டட்டும். இந்த வருஷம் இல்லை, இனி எந்த வருஷமும் வேண்டாம். நீ எதையும் யாரிடமும் சொல்லாதே. அந்த டிஸ்கைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஊருக்கு நீ வந்து போக வேண்டும். நாளைக்கு உனக்கு ஒரு நல்லது நடக்க வேண்டும். அம்மன் கற்பூரத்தை அணைத்தவள் என்று எவனும் உன்னைச் சொல்லக்கூடாது.

இது என் வாக்கு. மீறினால் நான் உன்னோடு பேசமாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தினகரன்

*

சென்னை
12.5.2025

அண்ணா,

நீ என்னோடு பேசி மூன்று மாதம் ஆகிறது. அந்த மிரட்டல் எல்லாம் என்னிடம் செல்லாது.

பத்து நாள் வேலையைக் காப்பாற்ற நீ அம்மனிடம் கடன்பட்டாய். இப்போது என் பேரைக் காப்பாற்ற வேஷத்தையே விடப் போகிறாய். உன்னை யார் கேட்டது? என்னைக் கேட்காமல் என் தலையில் எத்தனைதான் ஏற்றி வைப்பாய்? நான் யாரைக் கேட்டு மாமாவுக்கு ஃபோன் பண்ணினேன் என்று கேட்டாயே, அதே கேள்வியை நான் உன்னைக் கேட்கிறேன்.

ஆபீசில் சொல்லிவிட்டேன். பாராட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அது தீ இல்லை, பூசை என்றேன். மேனேஜர் ஜெனிஃபர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "விதிப்படி நீ செய்தது சரிதானே" என்றார். விதிப்படி சரிதான். அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. இனி எந்த ஜமா வந்தாலும், ஆடுவதற்கு முன்னால் அவர்களோடு உட்கார்ந்து, நெருப்பு உண்டா, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று கேட்டு, தீயணைப்பு ஆளைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு அனுமதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒத்துக்கொள்வார்களா தெரியாது. இல்லை என்றால் வேறு வேலை தேடிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கோயிலில் சாயங்காலம் எல்லோரும் இருக்கச் சொல்லி சுப்பிரமணி மாமாவிடம் சொல்லியாயிற்று. லேப்டாப் கொண்டுவருகிறேன். இரண்டாவது கேமராவைத்தான் போடுவேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீ பக்கத்தில் வந்து நின்றால் பயம் குறையும். நிற்காவிட்டாலும் போடுவேன்.

அம்முலு

*

உத்திரமேரூர்
20.5.2025

அம்முலு,

நான் பக்கத்தில் நிற்கவில்லை. ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டேன். நீ என்னைத் தேடியதாக அம்மா சொன்னாள். உன் குரலை அந்தப் பொட்டியில் மறுபடி கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு ஹாலில் போகாத கால், கோயில் வாசலிலிருந்து ஓடிவிட்டது.

நீ கடைசி பஸ்ஸுக்குப் போனபிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

நீ போட்டுக் காட்டினாயாம். தலையைக் குனிந்துகொண்டு "அந்த குரலு என்து" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாயாம். அதற்குப் பிறகு, நீ பயந்ததுதான் நடந்தது. உன்னைப் பேசினார்கள். படிக்க வைத்தால் இப்படித்தான் என்றார்கள். என்னையும் பேசினார்கள், தங்கச்சிக்காக அம்மனை விட்டவன் என்று. நான் திரும்பி வந்தபோது பேச்சு சூடாக இருந்தது. அண்ணன் தங்கை இரண்டு பேரும் இந்த வருஷம் கூத்துப் பந்தல் பக்கமே வரக்கூடாது என்று ஒருத்தன் சொன்னான். சுப்பிரமணி மாமாவும் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் முனியன் மாமா எழுந்தார். மூன்று மாதமாக வாயைத் திறக்காத மனிதர். "இன்னா பேசிக்கினு கீறீங்க அல்லாரும்? மன்னிப்பு யாருகிட்ட கேக்கணும்? எங்கிட்ட. சேல கட்டிக்கினு நின்னவன் நானு. அப்போ நான் சொல்றதுதான் கணக்கு" என்றார். எல்லோரும் அடங்கிவிட்டார்கள்.

பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார். "ஏன்டா, கைல தட்டு இல்லாம வந்தியே, உனுக்கு இன்னாவோ ஆயிட்ச்சின்னு நெனச்சி நடுங்கினேன்டா நானு. கோவத்துல இல்ல" என்றார். எல்லோர் முன்னாலும் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

வேஷம் எனக்குத்தான் என்று அவர் சொல்லிவிட்டார். ஒரு நிபந்தனை. இந்தத் தடவை கற்பூரத்தைத் துச்சாதனன் ஏற்றக்கூடாதாம். தட்டை நான் பிடிக்க வேண்டும், அணைக்கச் சொன்னவள் வந்து ஏற்ற வேண்டும். அது எரிந்து தானாக அடங்குகிற வரைக்கும் நீ நகரக்கூடாது. அதன்பிறகுதான் அவர் பாட்டை எடுப்பார். வழக்கத்தில் இல்லையே என்று ஒருத்தர் இழுத்தார். வழக்கத்தில் வாக்கி டாக்கியும்தான் இல்லை என்றார் வாத்தியார்.

துகில் கூத்து முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. லீவு சொல்லிவிட்டு வா. ஆபீஸ் ஃபோனை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு வா. அம்மா முன்வரிசையில் பாய் போட்டு வைக்கிறாள். ஏற்றிவிட்டு அங்கே போய் உட்கார், விடிகிற வரைக்கும் பார். இரண்டு தோளிலும் புஜக்கட்டை இருக்கும், முடிந்ததும் கேட்பேன்.

தீப்பெட்டி மட்டும் நீயே வாங்கிக்கொண்டு வர வேண்டுமாம். முனியன் மாமா கண்டிப்பாகச் சொன்னார். "நம்ம ஜமா பெட்டி இன்னும் அந்த ஹால்காரன் பாக்கெட்லதான் கீது."

தினகரன்